கச்சான் சரையில் போன சாதகம்

எங்கள் கந்தோர் ஈமெயிலின் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது. கந்தோர் என்னுடையதுதான். வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், துணிக்கடைக்கு மேலே ஓர் அறை. கதவில் தொங்கும் பலகையில் என் பெயர் இருக்கிறது: சுடலைமுத்து, திருமண சேவை, உள்நாடு, வெளிநாடு. வாடகை கட்டுவது நான். கொம்பியூட்டர் வாங்கியது நான். ஆனால் அதற்குள் போகிற வழி டோரின் மிஸ் ஒருவருக்குத்தான் தெரியும்.

டோரின் மிஸ் கொட்டாஞ்சேனைக்காரி. கப்பல் கொம்பனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் தட்டெழுத்து அடித்து, அங்கே யாருக்கு என்ன சம்பளம் என்பதை ஒருவரிடமும் வாய்விடாமல் ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி பாஸ்வேர்ட்டை மாற்றுவார். நான் அதட்டிக் கேட்டேன், கெஞ்சிக் கேட்டேன், ஒரு கிறிஸ்மஸுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தும் கேட்டேன். கேக்கை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்:

"உங்களுக்குத் தெரியாட்டி, அடிச்சாலும் சொல்லமாட்டீங்கள் மிஸ்டர் முத்து. அது உங்கட நன்மைக்குத்தான்."

நான் சிரித்தேன். அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. யுத்தம் நடந்த அந்த வருடம் கொழும்பில் அந்த மாதிரிப் பகிடிகளுக்குச் சிரித்துவிடுவதுதான் உடம்புக்கு நல்லது.

கல்யாணத் தரகனின் ஈமெயில் பெட்டிக்குள் என்னதான் இருக்கப்போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். பிள்ளைகளின் படம், வயது, சம்பளம், எந்த நாட்டில் என்ன விசா, யாருடைய தகப்பனுக்குக் குடி, யாருடைய முதல் சம்பந்தம் எதனால் முறிந்தது, யார் படத்துக்காக மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது. பொலிஸ் வீடு வீடாகத் தந்து நிரப்பச் சொன்ன படிவத்தில் இதில் காற்பங்குகூட இல்லை. சனங்கள் பொலிஸுக்குச் சொன்னதைவிட எனக்குச் சொன்னது அதிகம். எனக்குச் சொல்லாவிட்டால் கல்யாணம் நடக்காது என்ற பயம்.

நான் வியாபாரிகளுக்கு நடுவில் வளர்ந்தவன். அப்பா செட்டியார் தெருவில் கல் தரகர். ஒரு நீலக்கல்லுக்கு விலை பேசும்போது வாங்குகிறவரும் விற்கிறவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். கையைப் பிடித்துக்கொள்வார்கள்; மேலே ஒரு துண்டு. துண்டுக்குக் கீழே எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. சுற்றி நிற்கிற பத்துப் பேரும் கண்ணை நட்டுக்கொண்டு பார்க்கலாம். பார்க்கக் கிடைப்பது துண்டு மட்டும். சின்ன வயதில் அந்தத் துண்டுக்குள் என் தலையை நுழைக்கப் போய் அப்பாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடை எரிந்து, அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு நான் கல்லை விட்டுக் கல்யாணத்துக்கு மாறினேன். சரக்கு மாறியதே தவிரத் தொழில் மாறவில்லை. வாயும் அப்படித்தான். செட்டியார் தெருவில் 'ஆமா', வெள்ளவத்தையில் 'ஓம்', பொலிஸில் 'எஹெமை சேர்'. மூன்றுக்கும் ஒரே தலையாட்டல்.

இனிச் சாருமதியின் கதைக்கு வருகிறேன்.

பாமன்கடை இராஜநாயகம் ஐயாவின் ஒரே மகள். முப்பத்தொரு வயது, வங்கியில் வேலை, நல்ல நிறம், நல்ல குணம், ஏழாமிடத்தில் செவ்வாய். கடைசியாகச் சொன்னதுதான் மற்ற எல்லாவற்றையும் தின்றுகொண்டிருந்தது. ஏழு வருடமாக எத்தனையோ சம்பந்தம் வாசல் வரை வந்து, சாதகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஐயா ஒருநாள் என் கந்தோர்க் கதிரையில் உட்கார்ந்து, குடையை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் ஊன்றிக்கொண்டு, இந்தப் பிள்ளை ஒரு ஒன்றேமுக்கால் மணித்தியாலம் பிந்திப் பிறந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்டார். கேள்வி என்னிடம் இல்லை, கடவுளிடம் கேட்பது போலத்தான் கேட்டார். ஆனால் கடவுளுக்கு வெள்ளவத்தையில் கந்தோர் இல்லை. எனக்கு இருந்தது.

விஷயம் இதுதான். இலண்டனில் இருக்கிற ஐயாவின் மகன் தங்கையின் சாதகத்தை ஈமெயிலில் அனுப்பியிருந்தான். பிறந்த நேரம் விடியற்காலை நாலு நாற்பது. டோரின் மிஸ் அதைப் பிரிண்ட் எடுத்துத் தந்தார். நான் அந்தத் தாளைக் கொட்டாஞ்சேனையில் எனக்குப் பழக்கமான சாத்திரியாரிடம் கொண்டுபோனேன். அவர் நேரத்தை ஆறு இருபத்தைந்து ஆக்கினார். கிரகம் ஒன்றும் அசையவில்லை. 'ல' என்று எழுதுகிற லக்கினம் மட்டும் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. லக்கினம் நகர்ந்ததும் ஏழில் நின்ற செவ்வாய் ஆறாகிவிட்டது. தோஷம் போயிற்று. அவர் பழைய கட்டத்துக்குப் பக்கத்திலேயே புதுக் கட்டத்தைக் கீறி, 'ல' போன வழிக்குச் சிவப்புப் பேனையால் ஓர் அம்புக்குறி போட்டு, கீழே தன் கைப்பட எழுதினார்: 'இதை மாற்றி அனுப்பவும். பழையதை ஒருவரும் பார்க்கக் கூடாது.'

டோரின் மிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு புதிதைத் தட்டெழுதி, சுவிற்சர்லாந்தில் பேர்னில் இருக்கிற ஓர் அம்மாவுக்கு அனுப்பினார். பேர்ன் அம்மாவின் மகன் பொறியியலாளன், வயது முப்பத்துநாலு. பத்துப் பொருத்தத்தில் எட்டு. அம்மாவுக்குச் சம்மதம். இரண்டு மாதம் தள்ளிப் பதினாலாம் திகதிக்கு மண்டபமும் எடுத்தாயிற்று. மாப்பிள்ளையின் சித்தப்பா இராஜநாயகம் ஐயாவின் வீட்டுக்கு நேர் எதிரே மேல்மாடியில் குடியிருந்தார் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அந்த மனிதர் காலையும் மாலையும் பல்கனியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். தேத்தண்ணி சாட்டு, சம்பந்தி வீட்டு வாசலுக்கு யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்ப்பதுதான் வேலை.

இவ்வளவும் ஒழுங்காகத்தான் நடந்தது. பிழை விட்டவன் நான்.

முடிந்த தாள்களை டோரின் மிஸ் மேசைக்குக் கீழே ஒரு பெட்டியில் போட்டுவைப்பார். மாதம் ஒருமுறை கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்த் தன் கையால் கிழித்து அடுப்பில் வைப்பார். அந்த மாதம் அவருக்குக் காய்ச்சல். பெட்டி நிரம்பி வழிந்தது. கீழே ஒழுங்கையில் போத்தல்–பேப்பர்காரன் கூவிக்கொண்டு போனான். பழைய பத்திரிகையோடு அந்தப் பெட்டியையும் சேர்த்துப் போட்டேன். வெள்ளைத் தாள், ஒரு பக்கம் வெறுமை, பத்திரிகை விலைக்குத் தரமுடியாது என்று வாதாடி, கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டியும் வாங்கினேன். அன்றைக்கு முழுவதும் எனக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம்.

ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு டெலிபோன் வந்தது. கோட்டைப் பக்கம் ஒரு கட்டடம். பெயர் சொல்லமாட்டேன், சொன்னாலும் வெளியே பலகை இல்லை. இரண்டு மணிக்கு வரமுடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். அந்தக் காலத்தில் கூப்பிட்டால் போய்விடுவது மேல். கூப்பிடாமல் வந்து ஏற்றிக்கொண்டு போவதுதான் பயம்.

டோரின் மிஸ் என் சட்டைப்பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்தார். பொலிஸ் பதிவுத் துண்டு இருக்கிறதா என்று பார்த்தார். ஆறு மணியாகியும் நான் வராவிட்டால் யார் யாருக்கு டெலிபோன் எடுப்பது என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை எனக்குக் காட்டாமல் மடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. கேளாத சாமானை விக்கப் போகவேண்டாம்."

அந்த அறையில் ஒரு மேசை, ஒரு காற்றாடி, ஒரு டேப் ரெக்கோடர். மேசைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் மத்துமகே. ஐம்பது வயது, நரைத்த மீசை, அவசரமில்லாத ஆள். பக்கத்தில் வாக்குமூலம் எழுதுவதற்குக் கொன்ஸ்டபிள் மஜீட். மஜீட்டைக் கண்டதும்தான் எனக்கு உண்மையிலேயே வியர்த்தது. தமிழ் நன்றாகத் தெரிந்தவர், வெள்ளவத்தையில்தான் குடியிருப்பு. நல்ல மனிதர், ஒரு குறை: மூன்று மணிக்குக் காதில் விழுந்ததை ஆறு மணிக்குச் சந்தையில் மீன் வெட்டுகிறவன் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். டேப்பாவது அந்தக் கட்டடத்துக்குள் இருக்கும். மஜீட் பஸ் ஏறி வீட்டுக்குப் போவார்.

கதைத்தது சிங்களத்தில். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை மேசையில் வைத்து உள்ளங்கையால் தடவி விரித்தார். சுருட்டிய அடையாளம் அப்படியே இருந்தது. ஒரு மூலையில் எண்ணெய், மடிப்புகளில் உப்பு. நடுவில் இரண்டு கட்டங்கள், சிவப்பு அம்புக்குறி, மேலே எங்கள் ஈமெயில் முகவரி, கீழே சாத்திரியாரின் கையெழுத்து. காலிமுகத்திடலில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உலாத்தப் போன அவருடைய கீழ் அதிகாரி ஒருவர் கச்சான் கடலை வாங்கியிருக்கிறார். கச்சான் முடிந்ததும், சுற்றித் தந்த கடதாசிச் சரையைப் பிரித்திருக்கிறார். பிரித்தவர் கடமை தவறாதவர்.

கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டி வாங்கியவனின் முகம் அந்த நேரத்தில் எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்பெக்டரிடம் வேலை செய்கிற இளைஞர்கள் கெட்டிக்காரர்களாம். அவர்கள் ஒரு விளக்கம் எழுதியிருந்தார்கள். இது ஒரு கட்டடத்தின் வரைபடம். நடுவில் முற்றம், சுற்றிவரப் பன்னிரண்டு அறை. ஒவ்வோர் அறையிலும் ஓர் ஆள். ஆளுக்கு ஓர் எழுத்து. 'ல' என்கிற ஆள் விடியற்காலை நாலு நாற்பதுக்கு ஓர் அறையில் இருந்து, ஆறு இருபத்தைந்துக்கு அடுத்த அறைக்குப் போகிறான். பழையதை ஒருவரும் பார்க்கக் கூடாது. கொழும்பில் பன்னிரண்டு அறையும் நடுவில் முற்றமும் உள்ள கட்டடங்களை எல்லாம் மூன்று வாரம் தேடினார்களாம். ஒரு மடத்தையும் ஒரு பழைய ஆஸ்பத்திரியையும் போய்ப் பார்த்தார்களாம்.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். இன்ஸ்பெக்டர் கீழே குனிந்து ஒரு கோப்பை எடுத்து மேசையில் போட்டார். கல்யாண அல்பம் மாதிரித் தடிப்பு. சரையில் இருந்த முகவரியைப் பிடித்து எங்கள் பெட்டியில் இருந்த கடிதம் அவ்வளவையும் எடுத்திருந்தார்கள். நானூற்றுச் சொச்சம். பிள்ளைகளின் படங்கள், சம்பளம், விசா, முறிந்த சம்பந்தங்கள், யாருடைய தகப்பனுக்குக் குடி, எல்லாம். டோரின் மிஸ் மாதாமாதம் மாற்றி மாற்றிப் பூட்டினது முன்கதவை. வீட்டுக்குப் பின்சுவரே இருக்கவில்லை. கோப்பில் மேலே கிடந்த படத்தில் ஒரு பிள்ளை பச்சைச் சேலையில் சிரித்துக்கொண்டிருந்தது. வீட்டாரைத் தவிர ஒருவருக்கும் காட்டமாட்டோம் என்று தாயிடம் சொல்லி வாங்கிய படம். நான் கண்ணை வேறு பக்கம் திருப்பினேன்.

ஆனால் இன்ஸ்பெக்டர் அந்த இளைஞர்களைப் போல இல்லை. அவருக்குப் பார்த்தவுடன் விளங்கிவிட்டதாம். சிங்களவர் சாதகத்தைக் கேந்தரம் என்பார்கள்; அவர்களுடைய கட்டம் வேறு மாதிரி, மூலைகளில் குறுக்குக் கோடு இழுத்தது. அதனால்தான் இளைஞர்கள் ஏமாந்தார்கள். அவர் கேந்தரம் பார்க்கத் தெரிந்தவர். கந்தோரில் பாதிப் பேருக்கு நல்ல நேரம் குறித்துக் கொடுப்பது அவர்தானாம்.

"கோப்பு திறந்தாச்சு. மூடுறதுக்கு ஒரு காரணம் எழுதவேணும்," என்றார். "இது ஒரே பிள்ளையின் இரண்டு கேந்தரம். ஒண்டு பொய். எது மெய், ஏன் மாத்தினீங்கள், யார் கேட்டது? அதைச் சொல்லிக் கையெழுத்து வையுங்கள். பிள்ளையின் தகப்பனும் கையெழுத்து வைக்கவேணும். ஜீப் அனுப்பிக் கூப்பிடுறேன்."

மஜீட் பேனை மூடியைக் கழற்றினார். பிள்ளையின் பெயரை இதுவரை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டேப் சுற்றிக்கொண்டிருந்தது.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். வாயைத் திறந்து மெய்யைச் சொன்னால், ஆறு மணிக்குச் சந்தை, ஏழு மணிக்குப் பாமன்கடைச் சித்தப்பா, எட்டு மணிக்குப் பேர்ன். சாருமதியின் கல்யாணம் அன்றிரவே முடிந்தது. சொல்லாவிட்டால் ஜீப் போகும். பல்கனியில் சித்தப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு இருப்பார். பொய் சொல்லலாம் என்றால், முன்னால் இருப்பவர் கேந்தரம் தெரிந்தவர். ஏழு வருடம் காத்திருந்த பிள்ளையின் வாழ்க்கை என் நாக்கு நுனியில் நின்றது. என் நாக்கைப் பற்றி டோரின் மிஸ்ஸுக்கு என்ன அபிப்பிராயம் என்பதை ஏற்கனவே சொல்லியிருக்கிறேன்.

அப்பா சொல்லித்தந்த ஒன்றே ஒன்றைச் செய்தேன். விலையைப் பேசாமல் ஆளைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டரின் வலக்கை மோதிர விரலில் ஒரு புஷ்பராகம். சின்னக் கல்தான், ஆனால் பட்டை தீட்டியவன் வேலை தெரிந்தவன். சேருடைய கல் இரத்தினபுரிப் பக்கமா என்று கேட்டேன். அவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஊர் பெல்மடுல்லவாம், தாய்மாமன் கல் வியாபாரியாம், சின்னதில் மாமனோடு கல் சந்தைக்குப் போய்வருவாராம். என் அப்பாவும் கல் தரகர் என்றேன். ஓகோ என்றார். அவ்வளவுதான். மஜீட் இதை எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் பேனையைக் காதில் சொருகிக்கொண்டார்.

பிறகு நான் சொன்னேன்:

"சேர், அந்த வீட்டு வாசலில் உங்கட ஜீப் ஒருதரம் நிண்டால் போதும். அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் கேந்தரத்தை ஒருத்தரும் பார்க்கத் தேவையில்லை."

 காற்றாடி கோப்பின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இன்ஸ்பெக்டர் எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரு பையன், கனடாவில், என்றேன். தனக்கு மூன்று பெண்கள் என்றார். சொல்லிவிட்டு, அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல டேப்பைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்ஸ்பெக்டருக்குரிய குரலில் மறுபடி கேட்டார்: முதலாவது கேந்தரமா, இரண்டாவதா, எது மெய்?

நான் காற்சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்தேன். முகத்தைத் துடைத்தேன். துடைத்துவிட்டு, அதை விரித்து, மேசையில் நீட்டியிருந்த என் வலக்கையின் மேல் போட்டேன். உள்ளங்கை மேல்நோக்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் லேஞ்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெல்மடுல்லச் சந்தைக்கு எத்தனை மைல் போய்வந்தாரோ தெரியாது, அவ்வளவு நேரம் எடுத்தது. பிறகு முன்னால் சாய்ந்து, மோதிரம் போட்ட கையை லேஞ்சிக்குக் கீழே நுழைத்தார். நான் அவருடைய ஒரு விரலைப் பிடித்தேன். ஒன்று: முதலாவது.

மஜீட் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அவர் கண்டது ஒரு லேஞ்சி.

"சாட்சி பதில் சொல்லவில்லை," என்று இன்ஸ்பெக்டர் டேப்புக்குக் கேட்கும்படி சொன்னார். மஜீட் எழுதினார்.

நான் கையை எடுக்கப் போனேன். அவர் விடவில்லை. இடக்கையால் கோப்பைப் புரட்டி, வேறு இரண்டு தாள்களை இழுத்து என் முன்னால் வைத்தார். அவையும் சாதகங்கள். ஒன்று எனக்குத் தெரிந்தது: பேர்ன் அம்மா எனக்கு அனுப்பிய மாப்பிள்ளையின் சாதகம். மற்றதும் அதே மாப்பிள்ளை, அதே பெயர், அதே திகதி. ஆனால் பிறந்த நேரம் வேறு, 'ல' வேறு கட்டத்தில். மேலே இருந்த முகவரி பம்பலப்பிட்டியில் இருக்கிற இன்னொரு தரகருடையது; இரண்டு வருடத்துக்கு முந்திய கடிதம். என் தொழில்காரர் பெட்டி ஒன்றையும் இவர்கள் விட்டுவைக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. எங்களுக்குள் நாங்கள் காட்டாத சரக்கெல்லாம் இந்த மனிதரின் மேசையில் ஒன்றாகக் கிடந்தது.

லேஞ்சிக்குக் கீழே அவர் என் ஒரு விரலைப் பிடித்து அழுத்தினார். ஒன்று: முதலில் அனுப்பியது. பழையதுதான் மெய்.

நான் பழையதைப் பார்த்து எண்ணினேன். எட்டாமிடத்தில் செவ்வாய். புதியதில் ஒன்பது. நாங்கள் பெண்ணை ஒன்றேமுக்கால் மணித்தியாலம் பிந்திப் பிறக்க வைத்தோம். அவர்கள் பையனை முந்திப் பிறக்க வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் தோஷம். தோஷத்துக்குத் தோஷம் சேர்த்தால் ஒரு சாத்திரியாரும் குறை சொல்லமாட்டார். அந்த இரண்டு மெய்யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் சிவப்பு அம்புக்குறிக்கு வேலையே இருந்திருக்காது. வைத்துப் பார்த்த ஒரே ஆள், நாட்டைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிற இந்த மனிதர்தான்.

இன்ஸ்பெக்டரின் மீசை கொஞ்சம் ஆடியது. சிரிப்பு என்று சத்தியம் செய்யமாட்டேன். கையை எடுத்துக்கொண்டு மஜீட்டிடம் சொல்லச் சொல்ல எழுதவைத்தார்: இது கேந்தரம், தமிழர் பாவிக்கும் கட்டம், அறைகள் அல்ல, ராசிகள், பாதுகாப்புக்குப் பாதகமான விஷயம் இல்லை, பெண்ணின் தகப்பனை அழைக்கத் தேவை இல்லை. நான் கையெழுத்து வைத்தேன். கோப்பை என்ன செய்யப்போகிறீர்கள், அந்தப் பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றனவே என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை என்றார். அந்த ஒரு பதிலை மட்டும் அவர் என் முகத்தைப் பாராமல் சொன்னார்.

கந்தோருக்குத் திரும்பியபோது மணி ஐந்தரை. டோரின் மிஸ் தான் எழுதி வைத்திருந்த தாளை என் முன்னாலேயே கிழித்து, துண்டுகளைத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் போட்டு ஊறவைத்தார். நடந்ததைச் சொன்னேன். கச்சான் சரை வந்த இடத்தில், போத்தல்–பேப்பர்காரன் தானே வந்து எடுத்துக்கொண்டு போனதுபோலச் சொல்லிப் பார்த்தேன்.

"கிலோவுக்கு எவ்வளவு கேட்டீங்கள்?" என்றார்.

சொன்னேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், பச்சைச் சேலைப் பிள்ளையின் தாய் டெலிபோனில் வந்து படம் கவனம்தானே என்று விசாரித்தபோது, ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் கவனம் அம்மா என்றேன். என் தொழிலில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அது ஒன்றுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இராஜநாயகம் ஐயாவிடம் ஓடிப்போய், உங்கள் பிள்ளையின் மெய்யான சாதகமே மாப்பிள்ளைக்குப் பொருத்தம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்? பேர்ன் அம்மாவுக்கும் சொல்லி, இரண்டு பக்கமும் நல்ல பெயர் எடுத்திருக்கலாம். ஆனால் அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். உங்கள் கடிதங்களை ஓர் ஆள் உட்கார்ந்து வாசித்திருக்கிறார் என்று கல்யாண வீட்டில் எப்படிச் சொல்வது? வாங்கக் கிடைத்த மிக நல்ல சரக்கு, விற்க வழியில்லை. விழுங்கிவிட்டேன்.

பதினாலாம் திகதி கல்யாணம் நடந்தது. சித்தப்பா இரண்டுதரம் பாயாசம் கேட்டார். சாருமதி மணவறையில் ஒரு பக்கம், பொறியியலாளன் மறுபக்கம். தாலி கட்டுகிற நேரத்தில் இராஜநாயகம் ஐயா என்னைப் பார்த்தார். அதே நேரம் பேர்ன் அம்மாவும் என்னைப் பார்த்தார். இரண்டு பார்வையும் ஒன்றையே கேட்டது: நீ வாய் திறக்கமாட்டாய்தானே? நான் இரண்டு பேருக்கும் ஒரே தலையாட்டல் ஆட்டினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, இன்ஸ்பெக்டர் மத்துமகே எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். சாதாரண உடுப்பு, செருப்பு, கையில் குடை. டோரின் மிஸ்ஸின் கை தானாகவே கொம்பியூட்டரை அணைத்தது. அவர் அதைக் கவனிக்காததுபோல இருந்துகொண்டார். மூத்த மகளுக்கு இருபத்தொன்பது வயதாம். ஆசிரியையாம். ஒன்றும் பொருந்தி வருகுதில்லையாம். சிங்களப் பக்கமும் நான் பார்ப்பேனா என்று கேட்டார்.

எல்லாப் பக்கமும் பார்ப்பேன் என்றேன். டோரின் மிஸ் எழுந்து, எந்த வாடிக்கையாளருக்கும் செய்வதுபோல, எங்கள் அட்டை ஒன்றை அவர் முன்னால் வைத்தார். கேந்தரத்தை அதில் இருக்கிற ஈமெயில் முகவரிக்கு அனுப்பினால் போதும் என்று நல்ல சிங்களத்தில், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் அட்டையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு மேசையில் திருப்பி வைத்தார்.

"ஈமெயில் வேண்டாம், மிஸ்," என்றார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த கடதாசி ஒன்றை எடுத்தார். கையால் எழுதியது.

நான் கடதாசியை விரித்தேன். மூலைகளில் குறுக்குக் கோடு இழுத்த கட்டம். கிரகங்கள் எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. பிறந்த நேரம் எழுதவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"பிறந்த நேரம், சேர்?" என்று கேட்டேன்.

அவர் கதவைப் பார்த்தார். டோரின் மிஸ்ஸைப் பார்த்தார். அணைந்து கிடந்த கொம்பியூட்டரையும் ஒருதரம் பார்த்தார். பிறகு கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்து, காற்சட்டைப் பையிலிருந்து தன்னுடைய லேஞ்சியை எடுத்து விரித்தார்.